ஒரு தூதருக்கு எழுபது கைதிகள்... தெரியுமா?

பிரேசிலில் 1969-க்கும் 1971-க்கும் இடையே, கடத்தப்பட்ட ஒரு வெளிநாட்டுத் தூதருக்கு ஈடாக அரசு எத்தனை கைதிகளைத் திறந்துவிட்டது தெரியுமா? முதலில் பதினைந்து பேர். அடுத்து ஐந்து. அப்புறம் நாற்பது. கடைசியில் எழுபது!

கதை தொடங்கியது 1969 செப்டம்பர் 4-ம் தேதி. ரியோ டி ஜெனிரோ தெருவில் அமெரிக்கத் தூதர் சார்லஸ் எல்ப்ரிக்கின் காரை மறித்தது ஓர் இளைஞர் கூட்டம். ராணுவ ஆட்சிக்கு எதிராக ஆயுதம் எடுத்தவர்கள் அவர்கள். கேட்டவை இரண்டே இரண்டு: சிறையில் கிடக்கும் பதினைந்து பேரை விடவேண்டும், எங்கள் அறிக்கையை நாடு முழுக்க ஒலிக்கச் செய்யவேண்டும். தணிக்கை இறுகிக் கிடந்த நாட்டில், ராணுவ அரசைக் கிழித்துத் தொங்கவிடும் அறிக்கை அந்த அரசின் சம்மதத்தோடே வானொலியில் வந்தது! பதினைந்து பேரும் ஹெர்குலிஸ் விமானத்தில் மெக்சிகோ போய் இறங்க, தூதர் உயிரோடு வீடு திரும்பினார்.

சும்மா இருப்பார்களா மற்ற குழுக்கள்? 1970 மார்ச்சில் சாவோ பாவ்லோவில் ஜப்பானியத் துணைத் தூதரகத் தலைவரைத் தூக்கினார்கள். ஐந்து பேர் வெளியே வந்தார்கள். ஜூனில் மேற்கு ஜெர்மனித் தூதர். நாற்பது பேர் அல்ஜீரியாவுக்குப் பறந்தார்கள். டிசம்பரில் சுவிட்சர்லாந்துத் தூதர் ஜியோவானி பூஹர். இம்முறை அரசு ஒவ்வொரு பெயருக்கும் மல்லுக்கட்டியது. பேரம் அடுத்த ஆண்டு ஜனவரி வரை இழுத்தது. ஆனாலும் எழுபது பேரைச் சிலி நாட்டுக்கு அனுப்பித்தான் அவரை மீட்க முடிந்தது.

இனிதான் ஆச்சரியமே! எல்ப்ரிக்குக்கு ஈடாக வெளியே வந்த பதினைந்து பேரில் ஒரு மாணவர் தலைவர், ஜோசே டிர்சேயு. 2003-ல் லூலா ஜனாதிபதியானபோது அவரது அரசின் மிகச் சக்திவாய்ந்த அமைச்சர் இவர்தான். கடத்தியவர்களில் ஒருவரான ஃபிராங்க்ளின் மார்ட்டின்ஸ் அதே லூலாவின் தகவல் தொடர்பு அமைச்சர் ஆனார். இன்னொருவர் ஃபெர்னாண்டோ கபெய்ரா. எல்ப்ரிக் கடத்தலுக்காகப் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். ஜெர்மனித் தூதர் கடத்தலில் விடுதலையான நாற்பது பேரில் ஒருவராக வெளியே வந்தார்! பிறகு அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார், அது ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட படமானது, அவர் நாடாளுமன்ற உறுப்பினரானார். கைதிப் பட்டியலில் கையெழுத்துப் போட்ட ராணுவத் தளபதிகள் எதிர்கால அமைச்சரவை ஒன்றுக்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று நினைத்திருப்பார்களா?

கடத்தல்காரர்களோடு பேசவே மாட்டோம் என்று எல்லா அரசுகளும் சொல்கின்றன. அதிகம் சொன்னது அமெரிக்கா. ஆனால் அந்த நாடு பிறந்து இருபதாண்டு ஆவதற்குள், ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியாக இருக்கும்போதே, அல்ஜியர்ஸின் கடற்கொள்ளை ஆட்சியாளரிடமிருந்து தன் மாலுமிகளை மீட்க 6,42,500 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது தெரியுமா? 1795 ஒப்பந்தம் அது. அந்த மாலுமிகளில் சிலர் பத்து வருடமாக அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள்.

ரீகன் காலத்துக் கதை இன்னும் விசித்திரம். லெபனானில் சிக்கிய அமெரிக்கர்களை மீட்க, பகை நாடான ஈரானுக்கு ரகசியமாக ஏவுகணை விற்றார்கள். 1986 மே மாதம் ரீகனின் முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஃபார்லேன் போலிப் பாஸ்போர்ட்டில் தெஹ்ரானுக்குப் பறந்தார். கையில் என்ன கொண்டுபோனார்கள்? ஏவுகணை உதிரி பாகங்கள், ஒரு கேக்! இத்தனையும் செய்து மூன்று அமெரிக்கர்கள் விடுதலையானார்கள். 1986 செப்டம்பர், அக்டோபரில் மட்டும் புதிதாக மூன்று அமெரிக்கர்கள் பெய்ரூட்டில் கடத்தப்பட்டார்கள். மூன்று போய் மூன்று வந்தது! மனம் கனக்கிறது.

ஒரே மனிதருக்காக மூன்று கடத்தல்!

மசூத் அசாரை எல்லோருக்கும் தெரியும். காந்தஹார் விமானக் கடத்தலும் தெரியும். ஆனால் அவரை மீட்க நடந்த முதல் முயற்சி அது அல்ல என்பது தெரியுமா?

1994 பிப்ரவரியில் காஷ்மீரின் அனந்த்நாக்கில் அவர் பிடிபட்டார். அதே ஆண்டு, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்த இளைஞர் ஒருவர் டெல்லிக்கு வந்து, மேல்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளிடம் நட்பாகப் பேசி, நான்கு பேரை அடைத்துவைத்தார். அகமது உமர் சயீத் ஷேக் என்பது அவர் பெயர். போலீஸ் பிணைக்கைதிகளை மீட்டுவிட்டது. உமர் சிறைக்குப் போனார். அடுத்தது 1995. அல் ஃபரான் என்ற பெயரில் ஒரு குழு காஷ்மீர் மலையில் ஆறு வெளிநாட்டவரைப் பிடித்து அதே கோரிக்கையை வைத்தது. அரசு இணங்கவில்லை. ஒருவர் தப்பினார், ஒருவர் கொல்லப்பட்டார், நால்வர் இன்றுவரை திரும்பவில்லை. அந்த நால்வரின் வீடுகளில் முப்பது ஆண்டுகளாக என்ன நிலை என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, 1999 டிசம்பர் 24. காத்மாண்டுவிலிருந்து டெல்லி வரவேண்டிய ஐ.சி. 814 விமானம். அமிர்தசரஸ், லாகூர், துபாய், காந்தஹார். கடத்தல்காரர்கள் முதலில் கேட்டது 36 கைதிகள், 20 கோடி டாலர், அப்புறம் இந்திய மண்ணில் புதைக்கப்பட்ட சஜ்ஜாத் ஆப்கானி என்ற தீவிரவாதியின் உடல்! பணமும் பிணமும் கேட்பது மார்க்கத்துக்கு விரோதம் என்று தாலிபான்களே சொல்லி அந்த இரண்டையும் கைவிடச் செய்தார்கள், தெரியுமா? அஜித் தோவல், விவேக் கட்ஜு, சி.டி. சஹாய் ஆகியோர் காந்தஹார் ஓடுதளத்தில் பேசிப் பேசி, 36 என்ற எண்ணை மூன்றாகக் குறைத்தார்கள். மசூத் அசார், உமர் ஷேக், முஷ்டாக் அகமது ஜர்கர். டிசம்பர் 31 அன்று வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் பயணம் செய்த அதே விமானத்தில் மூவரும் போனார்கள்.

இந்தப் பட்டியலைக் கேட்டுக் கொந்தளித்தவர் காஷ்மீர் முதல்வர் ஃபாரூக் அப்துல்லா. அவரைச் சமாதானப்படுத்த அனுப்பப்பட்டவர் 'ரா' தலைவர் துலத். விதி என்று சொல்வதா? சரியாகப் பத்தாண்டுக்கு முன், 1989 டிசம்பரில், வி.பி. சிங் அரசு பதவியேற்ற ஆறே நாளில் உள்துறை அமைச்சர் முஃப்தி முகமது சயீதின் மகள் கடத்தப்பட்டார். அப்போதும் காஷ்மீர் முதல்வர் ஃபாரூக்தான்! அப்போது ஸ்ரீநகரில் உளவுத்துறை அதிகாரியாக இருந்ததும் துலத்தான்! அப்போதும் ஃபாரூக் வேண்டாம் என்றார். அப்போதும் டெல்லி கேட்கவில்லை. ஐந்து தீவிரவாதிகள் விடுதலையாக, ஸ்ரீநகர் தெருக்களில் கொண்டாட்டம் வெடித்தது. காஷ்மீரில் ஆயுதக் குழுக்களின் கை ஓங்கியது அந்த நாளிலிருந்துதான் என்று அதிகாரிகள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

காந்தஹாரில் இறங்கிய மூவர்? உமர் ஷேக் 2002-ல் கராச்சியில் அமெரிக்கப் பத்திரிகையாளர் டேனியல் பேர்ல் கடத்தலில் சிக்கினார். மசூத் அசார் ஓரிரு மாதங்களில் ஜெய்ஷ்-இ-முகமதுவைத் தொடங்கினார். 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களைக் கொன்ற தாக்குதலுக்குப் பொறுப்பேற்றது அந்த இயக்கம்தான். இறந்தவர்களில் இருவர் நம் தூத்துக்குடி, அரியலூர் பிள்ளைகள். ஆனால் விமானத்திலிருந்து உயிரோடு இறங்கிய நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களை நினைத்தால், அன்று கொடுத்தது தவறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ரூபின் கட்யால் என்ற புதுமாப்பிள்ளையை ஏற்கெனவே கொன்றிருந்தார்கள். பிரதமர் வீட்டு வாசலில் பயணிகளின் உறவினர்கள் கதறிக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்?

விடுதலையே வேண்டாம் என்றவர்கள்!

இப்படியும் மனிதர்கள் உண்டு தெரியுமா? 1286-ல் ரோதன்பர்க் நகரின் யூத ஞானி ரப்பி மையரை மன்னர் ருடால்ஃபின் ஆட்கள் சிறைபிடித்தார்கள். பெரும் பணம் கொடுத்து மீட்க யூத மக்கள் தயாராக இருந்தார்கள். அவரோ, எனக்காகக் கொடுத்தால் நாளை ஒவ்வொரு ரப்பியையும் பிடித்துவைத்து விலை கேட்பார்கள் என்று மறுத்துவிட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அளவு மீறிய விலைக்குக் கைதியை மீட்கலாகாது என்ற பழைய யூதச் சட்டம் அவருக்குத் துணை. 1293-ல் சிறையிலேயே இறந்தார். உடலையும் விடவில்லை! பதினான்கு ஆண்டு கழித்து, 1307-ல், அலெக்ஸாண்டர் விம்ப்ஃபன் என்ற செல்வந்தர் பணம் கட்டி உடலை மீட்டார். அவர் கேட்ட ஒரே கைம்மாறு, தான் இறந்தால் ரப்பியின் பக்கத்தில் புதைக்கவேண்டும் என்பது. ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகர இடுகாட்டில் இன்றும் இரண்டு கல்லறைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன.

1975-ல் மேற்கு பெர்லினில் மேயர் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு வேட்பாளர் பீட்டர் லோரன்ஸையே கடத்திவிட்டார்கள்! கடத்தியவர்கள் கொடுத்த பட்டியலில் ஆறு பெயர். அதில் ஹோர்ஸ்ட் மாலர் என்ற வழக்கறிஞர், நான் வரவில்லை என்று சிறையிலேயே இருந்துவிட்டார். மற்ற ஐவரோடு முன்னாள் மேயரான பாதிரியார் ஹைன்ரிச் ஆல்பெர்ட்ஸ் உத்தரவாதமாக ஏடன் வரை விமானத்தில் போனார். திரும்பி வந்து, முன்பே பேசிவைத்த ரகசியச் சொற்றொடரை அவர் தொலைக்காட்சியில் உச்சரித்த பிறகுதான் லோரன்ஸ் விடுதலை. அந்த ஐவரில் ஒரு பெண் அதே ஆண்டு டிசம்பரில் வியன்னாவில் ஒபெக் அமைச்சர்களைப் பிடித்துவைத்த கும்பலில் இருந்தார். ஜெர்மனி அதன்பின் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டது. 1977-ல் தொழிலதிபர் ஷ்லையர் கடத்தப்பட்டபோது ஒருவரையும் விடவில்லை. அவரைக் கொன்றுவிட்டார்கள்.

அதே 1977 செப்டம்பரில் டாக்காவில் நடந்ததைக் கேளுங்கள்! பம்பாயிலிருந்து கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தை ஜப்பானியச் செம்படையினர் கடத்தி டாக்காவில் இறக்கினார்கள். 60 லட்சம் டாலரும் ஒன்பது கைதிகளும் வேண்டும் என்றார்கள். பிரதமர் தக்கியோ ஃபுகுடா, சட்டத்தை மீறியாவது உயிர்களைக் காப்பேன், மனித உயிர் பூமியைவிடக் கனமானது என்ற பொருளில் பேசி ஒப்புக்கொண்டார். அவரது சட்ட அமைச்சரே எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார். ஒன்பது பேரில் மூவர் வர மறுக்க, ஆறு பேர் பணத்தோடு டாக்கா வந்தார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நாள்கணக்காகத் தூங்காமல் கடத்தல்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தவர் வங்கதேச விமானப்படைத் தலைவர் ஏ.ஜி. மஹ்மூத். அந்த நேரம் பார்த்து, அக்டோபர் 2 அதிகாலையில், அவருடைய படையிலேயே கலகம் வெடித்தது! விமான நிலையத்திலேயே அவரது அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஒரு பக்கம் கடத்தல், மறுபக்கம் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி! இந்த மனிதரின் பெயர் நம் பாடப்புத்தகம் எதிலும் இல்லை.

பணம் எந்த வழியில் போகிறது?

2003-ல் சஹாரா பாலைவனத்தில் 32 ஐரோப்பியப் பயணிகளைப் பிடித்தது ஓர் அல்ஜீரியக் குழு. ஒரு பகுதியினரை அல்ஜீரிய ராணுவம் மீட்டது. ஒரு பெண் வெயிலில் சுருண்டு இறந்தார். மிச்சப் பேருக்காக ஜெர்மனி 50 லட்சம் யூரோ கொடுத்ததாகவும், மாலி நாட்டுக்கான மனிதாபிமான உதவி என்று அது கணக்கில் ஏறியதாகவும் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தக் குழுதான் சில ஆண்டுகளில் வட ஆப்பிரிக்க அல் கொய்தா ஆனது. சரி, கடத்தலுக்குத் தலைமை தாங்கிய எல் பாரா என்ன ஆனார் தெரியுமா? அடுத்த ஆண்டே சாட் நாட்டில் வேறொரு கிளர்ச்சிக் குழு அவரைப் பிடித்துவைத்துக்கொண்டது! யாரிடம் ஒப்படைப்பது என்று மாதக்கணக்கில் பேச்சு நடந்தது.

வட ஆப்பிரிக்க அல் கொய்தா தன் தளபதி மொக்தார் பெல்மொக்தாருக்கு எழுதிய கண்டனக் கடிதம் ஒன்று 2013-ல் மாலியின் திம்புக்டுவில் பத்திரிகையாளர் கையில் சிக்கியது. என்ன குற்றச்சாட்டு? போனை எடுப்பதில்லை, செலவுக் கணக்கு ஒப்படைப்பதில்லை! அதோடு, ஐ.நா. தூதராக இருந்த கனடாக்காரரைப் பிடித்துவைத்துக்கொண்டு வெறும் 7 லட்சம் யூரோவுக்கு விட்டுவிட்டாய் என்ற வசவும். மனிதர்களைப் பிடித்து விற்பதற்குக் கணக்குப் பிள்ளை வைத்து நடத்தியிருக்கிறார்கள். படிக்கவே கூசுகிறது.

பின்லேடனுக்கே பயம் வந்தது தெரியுமா? 2008-ல் பெஷாவரில் கடத்தப்பட்ட ஆப்கானியத் தூதரக அதிகாரியை மீட்க ஆப்கான் அரசு 50 லட்சம் டாலர் கொடுத்தது. அதில் சுமார் 10 லட்சம், அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. காபூல் அரண்மனைக்கு மாதாமாதம் ரகசியமாகக் கொடுத்த பணம்! அதாவது அமெரிக்காவின் பணமே அல் கொய்தாவின் கைக்குப் போனது. பின்லேடன் மகிழ்ந்தாரா? நோட்டுகளில் விஷமோ கதிர்வீச்சோ தடவியிருப்பார்கள், முதலில் வேறு நாட்டுப் பணமாக மாற்றுங்கள் என்று எழுதினார். அபோட்டாபாத் வீட்டில் கிடைத்த கடிதங்கள் சொல்லும் சேதி இது.

2015 டிசம்பரில் தெற்கு ஈராக் பாலைவனத்துக்கு ராஜாளி கொண்டு வேட்டையாடப் போன கத்தார் அரச குடும்பத்தினர் கடத்தப்பட்டார்கள். 2017 ஏப்ரலில்தான் விடுதலை. அப்போது பாக்தாத் விமான நிலையத்தில் பெட்டி பெட்டியாகக் கோடிக்கணக்கான டாலர் நோட்டு பிடிபட்டதாக ஈராக் பிரதமர் அல் அபாடியே வெளிப்படையாகச் சொன்னார். இந்தப் பேரத்தோடு பின்னப்பட்டிருந்தது இன்னொன்று: சிரியாவில் முற்றுகையில் பட்டினி கிடந்த நான்கு ஊர்களின் மக்களை வெளியேற்றும் ஒப்பந்தம்! வேட்டைக்குப் போனவர்களின் விடுதலைக்கும், அந்த ஊர்களில் ஒன்றான மதாயாவின் குழந்தைகளின் பசிக்கும் ஒரே முடிச்சு.

இதில் தமிழ்நாடு எங்கே வருகிறது என்கிறீர்களா? 1984 மே மாதம் யாழ்ப்பாணத்தில் ஓர் அமெரிக்கத் தம்பதியை ஈ.பி.ஆர்.எல்.எஃப். என்ற ஈழத் தமிழ் ஆயுதக் குழு கடத்தியது. இருபது கைதிகளும் ஐந்து கோடி ரூபாய் மதிப்புள்ள தங்கமும் கேட்டார்கள். தங்கத்தை யாரிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள் தெரியுமா? தமிழ்நாடு அரசிடம்! இந்திரா காந்தி கேட்டுக்கொண்டார். சில நாளில் இருவரும் பத்திரமாக விடப்பட்டார்கள். தங்கம் கைமாறவில்லை.

நம் காட்டுக்கு வருவோம். 2000 ஜூலை 30 இரவு, தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூர் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கொண்டுபோனதும், நக்கீரன் கோபால் தூது போனதும், 108 நாளும் நமக்கு மனப்பாடம். பெங்களூரு கலங்கியது, கன்னடப் படப்பிடிப்புகள் நின்றன. ஆனால் அந்தக் கோரிக்கைப் பட்டியலில் பெங்களூருவில் திருவள்ளுவர் சிலையைத் திறக்கவேண்டும் என்பதும் ஒன்று, நினைவிருக்கிறதா? அல்சூரில் சாக்கு மூடி நின்ற அந்தச் சிலை, கடத்தலால் திறக்கவில்லை. 2009 ஆகஸ்டில், கருணாநிதியும் எடியூரப்பாவும் பேசி, பதிலுக்குச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையையும் வைத்து, இரண்டு மாநிலமும் மகிழத் திறந்தார்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. வீரப்பன் கேட்டபடி தடா சட்டக் கைதிகளை விடுவிக்க இரண்டு அரசுகளும் தயாராகிவிட்டன. தடுத்தவர் யார்? வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் வயதான தந்தை! அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2000 நவம்பர் 7 அன்று நீதிமன்றம் அரசுகளின் முடிவை ரத்து செய்தது. எட்டாம் நாள் ராஜ்குமார் காட்டிலிருந்து வந்துவிட்டார். பணம் கைமாறியது என்று அப்போதைய கர்நாடக டி.ஜி.பி. தினகர் பின்னர் புத்தகமே எழுதினார், அரசுகள் மறுத்தன. மகனைப் பறிகொடுத்த அந்தப் பெரியவர் தனியாளாக நின்று கேட்ட கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன். இரண்டாண்டு கழித்துக் கடத்தப்பட்ட முன்னாள் அமைச்சர் நாகப்பா உயிரோடு திரும்பவில்லை என்பதையும் மறக்க முடியாது.

பாளையங்கோட்டைக்காரரான அலெக்ஸ் பால் மேனன், சத்தீஸ்கரின் சுக்மா மாவட்ட கலெக்டராக இருந்தபோது 2012 ஏப்ரல் 21 அன்று மாவோயிஸ்டுகள் கையில் சிக்கினார். ஆஸ்துமா நோயாளி அவர். மருந்தைக் காட்டுக்குள் கொண்டுசேர்த்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் மனீஷ் குஞ்சாம். அரசு சார்பில் இருவர், மாவோயிஸ்டுகள் சொன்ன இருவர் என நான்கு பேர் உட்கார்ந்து பேசினார்கள். மாவோயிஸ்டுகள் தரப்பில் பேசிய பி.டி. சர்மா ஒரு காலத்தில் அதே பஸ்தர் பகுதியின் கலெக்டர், தெரியுமா? சிறையில் விசாரணையின்றிக் கிடக்கும் ஆதிவாசிகளின் வழக்குகளைப் பரிசீலிக்க ஒரு குழு அமைப்பதாக அரசு ஒப்புக்கொண்டது. மே 3 அன்று கலெக்டர் வந்தார். அவரைக் காக்க நின்ற இரண்டு காவலர்கள் முதல் நாளே கொல்லப்பட்டிருந்தார்கள். அவர்களுக்காகப் பேச யாருக்கும் வாய்ப்பே இருக்கவில்லை.

இலங்கையின் ஓமந்தையில் 2002 செப்டம்பர் 28 அன்று செஞ்சிலுவைச் சங்கம் முன்னிலையில் ஏழு படையினரைப் புலிகளும், பதின்மூன்று புலிகளை இலங்கை அரசும் விட்டார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் கடற்படை அதிகாரி அஜித் போயகொட. 'சாகரவர்தன' கப்பல் 1994-ல் மூழ்கடிக்கப்பட்டபோது பிடிபட்டவர்; எட்டாண்டு சிறையிருந்தவர். திரும்பி வந்து தன்னைப் பிடித்தவர்களைப் பற்றி அவர் சொன்ன நினைவுகளில் வெறுப்பு இல்லை என்பதுதான் அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் எல்லோரும் வியப்பது.

தூது போனவரே சிக்கிய கதையும் உண்டு! லெபனான் பிணைக்கைதிகளுக்காகப் பேசப் போன இங்கிலாந்துத் திருச்சபையின் டெர்ரி வெய்ட் 1987 ஜனவரியில் பெய்ரூட்டில் கடத்தப்பட்டு 1,763 நாள் அடைபட்டார். அவர் உட்படப் பலரை 1991-ல் வெளியே கொண்டுவந்தவர் ஐ.நா. அதிகாரி ஜியாண்டொமெனிகோ பிக்கோ. இரவில் பெய்ரூட் தெருவில் தனியாகப் போய், முகத்தை மூடவிட்டு, கடத்தல்காரர்களின் காரிலேயே ஏறிப்போய்ப் பேசினார். எங்கே போகிறோம் என்று தெரியாது, திரும்புவோமா என்றும் தெரியாது. திரும்பத் திரும்பப் போனார்!

இஸ்ரேலின் கணக்கைப் பாருங்கள். 1985-ல் மூன்று வீரர்களுக்கு 1,150 கைதிகள். 2011 அக்டோபரில் கிலாத் ஷாலித் என்ற ஒற்றை வீரருக்கு 1,027 பேர்! பத்தொன்பது வயதில் பிடிபட்ட பையன் ஐந்தாண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். அவர் உயிரோடிருக்கிறார் என்று காட்டும் மூன்று நிமிடம்கூட ஓடாத ஒரு வீடியோவுக்காக மட்டும் 2009-ல் இருபது பெண் கைதிகளை விட்டார்கள், தெரியுமா? கையில் நாளிதழைப் பிடித்தபடி அவர் பேசுவதைப் பார்க்க ஒரு நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்தது. 1985 பட்டியலில் வெளியே வந்த ஷேக் அகமது யாசின் இரண்டாண்டில் ஹமாஸைத் தொடங்கினார். மறுபடி சிறைக்குப் போன அவர், 1997-ல் அம்மானில் பிடிபட்ட இஸ்ரேலிய உளவாளிகளுக்கு ஈடாக இரண்டாம் முறையும் வெளியே வந்தார்! 2011 பட்டியலில் வெளியே வந்தவர்களில் ஒருவர் யாஹ்யா சின்வார். 2023 அக்டோபர் 7 தாக்குதலைத் திட்டமிட்டவர் அவர்.

தாலிபான் கதையும் அப்படித்தான். அமெரிக்க வீரர் போ பெர்க்டாலுக்காக 2014 மே மாதம் குவாண்டனாமோ சிறையிலிருந்து ஐந்து தாலிபான் தலைவர்கள் கத்தாருக்கு அனுப்பப்பட்டார்கள். 2019-ல் தோஹா பேச்சுவார்த்தை மேசையில் அமெரிக்கத் தளபதிகளுக்கு எதிரே உட்கார்ந்தவர்களில் அந்த ஐந்து பேரும் இருந்தார்கள்! காபூல் விழுந்த பிறகு அவர்களில் சிலர் அமைச்சர்கள், ஒருவர் உளவுத்துறைத் தலைவர்.

எல்லா உயிருக்கும் ஒரே விலை கிடைப்பதில்லை. 2007-ல் ஆப்கானிஸ்தானில் ஓர் இத்தாலியப் பத்திரிகையாளருக்காக ஐந்து தாலிபான்கள் விடுவிக்கப்பட்டார்கள். அவரோடு பிடிபட்ட ஆப்கானிய ஓட்டுநர் கொல்லப்பட்டார். ஆப்கானிய மொழிபெயர்ப்பாளரும் பிறகு கொல்லப்பட்டார். அவருக்காக யாரும் கைதியை விடவில்லை. பாஸ்போர்ட்டின் நிறமே உயிரைத் தீர்மானிக்கிறது. 2017-ல் நியூ அமெரிக்கா என்ற ஆய்வு நிறுவனம் சொன்ன கணக்கு: ஜிகாதிக் குழுக்களிடம் சிக்கிய ஐரோப்பிய ஒன்றியத்தவரில் 81 சதவீதம் பேர் விடுதலையானார்கள், அமெரிக்கர்களில் 25 சதவீதம்தான். பணம் கொடுக்க மறுப்பதால் கடத்தல் குறைகிறது என்பதற்கும் அவர்களுக்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை!

கொலம்பியாவில் ஒரு பாட்டே தூது போனது தெரியுமா? காட்டில் ஃபார்க் குழுவிடம் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்த படைவீரர்களுக்குத் தகவல் அனுப்ப, 2010-ல் ராணுவம் ஒரு பாட்டை உருவாக்கி, இசைக்குள்ளேயே மோர்ஸ் சங்கேதத்தைப் பொதிந்தது. சிலர் மீட்கப்பட்டுவிட்டார்கள், அடுத்து நீங்கள்தான், தைரியமாக இருங்கள் என்பது சேதி. நாட்டுப்புற வானொலிகளில் அது ஒலித்துக்கொண்டே இருந்தது. காவலுக்கு நின்ற கெரில்லாக்களும் கேட்டு ரசித்தார்கள். அவர்களுக்கு மோர்ஸ் தெரியாது!

கடைசியாக நைஜீரியா. 2014 ஏப்ரல் 14 இரவு சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளைப் போகோ ஹராம் தூக்கிச் சென்றது. 57 பேர் தப்பி ஓடிவந்தார்கள். மற்றவர்களுக்காக சுவிட்சர்லாந்து அரசு ரகசியமாக நடுவராக இருந்தது. காட்டுக்குள் போய்ப் பேசியவர் மைதுகுரி நகர வழக்கறிஞர் ஸன்னா முஸ்தஃபா. அவர் பேச்சைப் போகோ ஹராம் ஏன் நம்பியது தெரியுமா? அவர் நடத்தும் பள்ளியில் இறந்த ராணுவ வீரர்களின் பிள்ளைகளும், கொல்லப்பட்ட போகோ ஹராம் ஆட்களின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள்! 2016 அக்டோபரில் 21 பேர், 2017 மே மாதம் 82 பேர் வந்தார்கள். ஐந்து தளபதிகள் விடுவிக்கப்பட்டார்கள், 30 லட்சம் யூரோவும் கொடுக்கப்பட்டதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது, அரசு மறுத்தது. இரண்டாம் முறை ஒரு பெண் வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டாள்.

பத்தாண்டு கழித்தும் அந்தப் பள்ளியின் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் திரும்பவில்லை. இதற்கிடையே நைஜீரியாவில் பள்ளிக் கடத்தல்கள் பெருகின. பெற்றோர் நிலத்தை விற்று, தெருத்தெருவாகக் கடன் வாங்கிப் பிள்ளைகளை மீட்கிறார்கள். 2022 ஏப்ரலில் அந்த நாட்டு செனட் என்ன செய்தது தெரியுமா? கடத்தல்காரர்களுக்குப் பணம் கொடுத்தால் குறைந்தது 15 ஆண்டு சிறை என்று மசோதா நிறைவேற்றியது! பிள்ளைக்காகப் பேச அரசு வராத ஊரில், பெற்ற தாய் பணம் கட்டினால் அவள் குற்றவாளியாம். இதை எப்படி ஒப்புக்கொள்வது?